டேப்பக்கா அளந்த சுவர்

விரிசல் காலையில் மட்டும்தான் தெரியும். மத்தியானம் தேடினால் இருக்காது. சாயங்காலம் விளக்கைப் போட்டுப் பார்த்தால் சத்தியமாக இருக்காது. கிழக்கு ஜன்னல் வழியாக வருகிற வெயில் சமையல் மேடையில் பட்டுத் தெறித்து, சீலிங்கைத் தடவிக்கொண்டு போகிற கொஞ்ச நேரம் மட்டும், கூடத்துக்கு நடுவே தலைமுடி போல ஒரு கோடு. டேப்பக்கா அதை முதலில் பார்த்தபோது ஒட்டடை என்று நினைத்துத் துடைப்பத்தை நீட்டினாள். துடைப்பம் பட்டது, கோடு போகவில்லை.

துடைப்பத்தை மறந்து அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். ஏனென்றால் அந்தக் கோடு ஓடிய இடம் அப்படி. அவள் உடைத்த சுவர் எங்கே நின்றிருந்ததோ அதற்கு நேர் மேலே, ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஓடியது.

டேப்பக்கா என்பது அவள் பெயரில்லை. திரைச்சீலை தைக்கிற கடையில் பாதி ஆயுள் கழிந்துவிட்டது. கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. குளித்துவிட்டு வந்ததும் முதலில் கழுத்தில் ஏறுவது அதுதான். ஊரார் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் அளவெடுத்து, ஊரார் வீட்டு வெளிச்சத்தையெல்லாம் பார்த்துப் பெருமூச்சு விட்டவள், ஒருவழியாகச் சொந்த வீட்டுக்கு வந்தாள். மூன்று மாடிக் கட்டடம், அதில் நடு வீடு. கீழ்வீடு ஆள் வராமல் பூட்டிக் கிடந்தது. மேல்வீட்டில் ஒரு டீச்சரும் அவளுடைய இரட்டைப் பெண்களும். வீடு தீப்பெட்டிதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் சமையலறையில் கிழக்கு பார்த்து அவ்வளவு பெரிய ஜன்னல். அதிலிருந்து வருகிற வெளிச்சம் கூடத்துக்கு ஒரு சொட்டுகூட வராமல், நடுவில் ஒரு சுவர் நந்தி மாதிரி குறுக்கே நின்றது.

உடைத்துவிடலாம் என்றாள். பஸ் ஓட்டுகிற அவள் புருஷன், உன் வீடு, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு டிப்போவுக்குப் போய்விட்டார். அவளுடைய தம்பி கொத்தனார். அவனுக்கு போன் போட்டாள். அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி, சுவர் எவ்வளவு தடிமன் என்று. நாலரை இஞ்ச் என்றால் அது வெறும் தடுப்பு, எதையும் தாங்காது, தாராளமாக உடைக்கலாம். ஒன்பது இஞ்ச் என்றால் மேலே இருப்பதைத் தாங்குகிற சுவர், கை வைக்கக்கூடாது. அவ்வளவுதான் அவன் தொழிலில் கணக்கு.

டேப்பக்கா கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். அந்தச் சுவரில் சமையலறைப் பக்கம் ஒரு அலமாரிப் பள்ளம் இருந்தது. பள்ளத்துக்கு உள்ளே, கூடத்துக்குத் தட்டு நீட்டுவதற்காக ஒரு சின்னத் திறப்பு. டேப்பை அந்தத் திறப்பில் விட்டு எடுத்தாள். நாலரை இஞ்ச், நூல் பிசகவில்லை. நாலரைடா என்று தம்பியிடம் சொல்லிவிட்டாள். திரைச்சீலைக்காரி வாழ்நாளெல்லாம் அளந்தது திறப்புகளை. சுவரை அவள் எந்த நாளில் அளந்தாள்?

சுவர் போனது. அப்புறம் அந்த வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். கூடத்துக்கு வெண்ணெய் நிறம் அடித்தாள். சமையலறைக்கு இளம்பச்சை, கிளிக்குஞ்சின் வயிற்றில் இருக்குமே அந்தப் பச்சை. படுக்கையறைக்குக் குழந்தை உள்ளங்கை போல ஒரு ரோஜா நிறம். ஜன்னலுக்கு மெல்லிய பருத்தியில் வெள்ளைத் திரை, காற்றடித்தால் ஊதிக்கொண்டு அறைக்குள் வரும். சோபா உறைக்கு முழுசாக ஒரு மாதம் மெனக்கெட்டாள். கடைக்காரம்மா வந்து பார்த்துவிட்டு, இனிமேல் வாடிக்கைக்காரர்களை உன் வீட்டுக்கே அனுப்புகிறேன் என்றாள். டேப்பக்காவுக்குத் தலை கால் புரியவில்லை.

அந்த வெண்ணெய் நிறத்தின் குறுக்கேதான் இப்போது கோடு.

முதலில் விரிசலை அடைக்கிற பட்டி வைத்துப் பூசினாள், அதன்மேல் அதே பெயிண்டைத் தடவினாள். சரியாகிவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நாலைந்து நாளில் கோடு திரும்பவும் எட்டிப் பார்த்தது. மறுபடி பூசினாள், மறுபடி வந்தது. அடர்ந்த நிறமாக இருந்தால் கண்ணுக்குத் தப்பியிருக்கும். வெளிர் நிறத்துக்கு ஒளிக்கத் தெரியாது. இவள் அடித்த நிறமும் இவள் கேட்டு வாங்கிய வெளிச்சமும் சேர்ந்துகொண்டு தினமும் காலையில் இவளையே காட்டிக் கொடுத்தன. ராத்திரி வந்தால்தான் அவளால் மூச்சு விட முடிந்தது.

ஒருநாள் புருஷன் வேலைக்குப் போனதும் ஏணி வைத்து ஏறி, தையல் நூலை விரிசலுக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்து இரண்டு முனையையும் பசை போட்டு ஒட்டினாள். துணி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்க அவளுக்குத் தெரிந்த வழி அது. அந்த வாரமே நூல் நடுவில் அறுந்து தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வீடு நகர்கிறது. நிஜமாகவே நகர்கிறது.

அதற்குமேல் அந்த இரட்டைக் குழந்தைகள். பெரிய குட்டி, சின்னக் குட்டி என்று கட்டடமே கூப்பிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேலே கயிறு ஆட்டம் ஆரம்பித்துவிடும். தொம், தொம், தொம். முன்பெல்லாம் டேப்பக்கா அந்தச் சத்தத்துக்குத் தக்கபடி தையல் மிஷினை மிதித்து விளையாடியிருக்கிறாள். இப்போது ஒவ்வொரு தொம்முக்கும் மிதிக்கிற காலை எடுத்துவிட்டாள். சோபா உறைமேல் மாவு சலித்த மாதிரி வெள்ளைத்தூள் விழுந்தது. தட்டிவிட்டால் மறுபடி விழுந்தது.

தாங்க முடியாமல் மேலே ஏறிப் போய்க் கதவைத் தட்டினாள். என்ன சொல்ல வந்தாளோ அதைச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் சிரித்துக்கொண்டே, எல்லா வீட்டிலும் சொல்வதைப் போல, "இப்படிக் குதிச்சா வீடு தாங்குமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். டீச்சர் பாவம், முகம் சுண்டிப் போய் மன்னிப்புக் கேட்டாள். கணவன் வெளியூர் வேலையில். தனியாளாக இரண்டையும் மேய்ப்பவள் அவள்.

அன்றைக்கு நின்ற சத்தம்தான், பிறகு மேலே ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. நல்லதுதானே என்கிறீர்களா? அதுதான் இல்லை. குதித்தால் எங்கே இருக்கிறார்கள் என்றாவது தெரியும். இப்போது அந்தக் குழந்தைகள் விரிசலுக்கு நேர் மேலே படுத்திருக்கிறார்களா, உட்கார்ந்திருக்கிறார்களா, ஒன்றும் தெரியவில்லை. டேப்பக்கா சாப்பிடும்போதும் மேலே பார்த்தாள், தைக்கும்போதும் மேலே பார்த்தாள். கழுத்து பிடித்துக்கொண்டது. டிரைவரான புருஷன், என்ன இது, வீட்டுக்குள் எப்போதும் மழை வருமா என்று பார்க்கிற மாதிரி இருக்கிறாயே என்று கேலி செய்தார். அவளும் சிரித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

கடைசியில் தம்பியை வரச் சொன்னாள். புருஷன் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தான். ஏணியில் ஏறி விரல் கணுவால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே போனான். ஒரு இடத்தில் கை நின்றது. இறங்கி வந்தவன் முகத்தில் ரத்தமில்லை.

"அக்கா, நீ எங்க அளந்த?"

அவள் கைகாட்டினாள். பக்கத்துச் சுவரோடு ஒட்டியிருந்த மிச்சத் துண்டில் பழைய அலமாரிப் பள்ளத்தின் ஓரம் இன்னும் தெரிந்தது. பள்ளத்துக்கு உள்ளே நாலரை இஞ்ச். பள்ளத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒன்பது. ஒரு குழந்தை பார்த்தால்கூடத் தெரியும், பார்க்க வேண்டும் என்று பார்த்தால்.

"நீ உடைச்சியேடா. உடைக்கும்போது தெரியலையா?"

தம்பி ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்தான். தெரிந்தது என்றான். பாதி உடைத்த பிறகு, ஒன்பது இஞ்ச் சுவரில் வைக்கிற மாதிரி கல் குறுக்கே கிடப்பதைப் பார்த்தானாம். ஆட்களைக் கூட்டி வந்தாயிற்று, அக்கா ஆசை ஆசையாக நிற்கிறாள், மேலே கம்பி போட்ட தளம்தானே, அதுவே தாங்கிக்கொள்ளும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு மிச்சத்தையும் உடைத்துவிட்டான். அன்றிலிருந்து அவனுக்கும் தூக்கமில்லையாம். இவள் வீட்டுக்கு ஏன் வருவதில்லை என்று இவள் எத்தனை தரம் சண்டை போட்டிருக்கிறாள். மேல்வீட்டிலும் இதே இடத்தில் இதே சுவர் நிற்கிறது, அது இப்போது அந்தரத்தில் நிற்கிறது என்று அவன் சொன்னபோது அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

வெளியே சொன்னால் தன் பிழைப்பு போச்சு, ஜெயில்கூட ஆகலாம், யாரிடமும் மூச்சு விடாதே என்று கெஞ்சினான். திங்கட்கிழமை இரும்பு முட்டுகளும் உத்திரமும் கொண்டுவந்து ஓசைப்படாமல் போட்டுவிடுகிறேன் என்றான். அதுவரைக்கும் ஒன்றும் ஆகாது. ஆகாது என்று அவன் சொன்ன விதத்திலேயே ஆகலாம் என்று இருந்தது. டேப்பக்கா தலையாட்டினாள். கூடப் பிறந்தவன். அவன் குழந்தையாக இருந்தபோது அவன் உடைத்த சாமான்களுக்கெல்லாம் அடி வாங்கியவள் அவள்தான்.

மறுநாள் டீச்சர் கீழே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை இரட்டைக் குழந்தைகளுக்குப் பிறந்தநாள். வகுப்புப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டிருக்கிறேன், கொஞ்சம் சத்தமாக இருக்கும், அன்றைக்கு ஒருநாள் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று கேட்டுக்கொண்டாள். வாசலில் நின்றபடியே வீட்டை எட்டிப் பார்த்து, என்ன அழகு, என்ன வெளிச்சம் என்றாள். திங்கட்கிழமை வைத்துக்கொள்ளக் கூடாதா என்று டேப்பக்கா கேட்டாள். டீச்சர் சிரித்தாள். பிறந்தநாளைத் தள்ளிப்போட முடியுமா?

ஞாயிறு மத்தியானம் டிரைவர் வீட்டில் இருந்தார். டீ குடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தார். படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறத் தொடங்கியது. ஒன்றிரண்டாக வந்தது, பிறகு கும்பலாக வந்தது. டேப்பக்கா எண்ண முயன்று விட்டுவிட்டாள். நாற்காலிகள் இழுபட்டன. அப்புறம் பாட்டுப் போட்டார்கள். பாட்டு நின்றால் உட்காருகிற விளையாட்டு. பாட்டு ஓடும்போது அத்தனை காலும் சேர்ந்து ஓடும். நிற்கும்போது அத்தனை பேரும் தொப்பென்று விழுவார்கள்.

இன்னும் ஒரே நாள், நாளைக்கு இரும்பு வந்துவிடும் என்று அவள் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நின்றாள். திரையின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே நின்றாள். மேலே தொப்பென்று விழுந்தார்கள். டிரைவரின் டீ டம்ளரில் ஏதோ பொத்தென்று விழுந்தது. அவர் விரலை விட்டு எடுத்துப் பார்த்தார். கால் ரூபாய் அளவுக்குச் சிமெண்ட் பெயர்ந்து வந்திருந்தது. ஒரு பக்கம் வெண்ணெய் நிறம்.

அவள் மேலே பார்த்தாள். மத்தியான நேரம், தெரியவே கூடாத நேரம். கோடு தெரிந்தது.

என்னங்க, எழுந்திருங்க, வெளியே போங்க என்று அவரைக் கையைப் பிடித்து இழுத்து வாசலுக்குத் தள்ளினாள். அவர் என்னவென்று கேட்டுக்கொண்டே இருக்க, படியேறி ஓடினாள். உயிர் போகிற வேகத்தில் ஓடினாள் என்பது பொய்யில்லை. ஒவ்வொரு படியிலும் தம்பியின் முகம் வந்தது. இந்த வாயால்தான் அவனைக் காட்டிக் கொடுக்கப்போகிறாள். மேலே பாட்டு மறுபடி ஆரம்பித்திருந்தது.

டீச்சர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. நேராக உள்ளே போய்ப் பாட்டை நிறுத்தினாள். எல்லோரும் நாற்காலிகளைப் பார்த்துப் பாய, "உக்காராதீங்க, நில்லுங்க" என்றாள். அவள் குரலில் என்ன இருந்ததோ, பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். டீச்சரின் தோளைப் பிடித்துக் காதோரமாகச் சொன்னாள்.

"டீச்சர், எங்க வீட்டுச் சுவர உடைச்சுட்டேன். அது உங்க வீட்டத் தாங்குற சுவரு. எனக்கு இது முன்னாடியே தெரியும். இப்ப எல்லாரையும் கீழ கூட்டிட்டுப் போயிடணும், யாரும் ஓடாம."

டீச்சர் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிள்ளைகள் பக்கம் திரும்பி, இப்போது புது விளையாட்டு, பூனை மாதிரி சத்தமே இல்லாமல் தெருவுக்குப் போகவேண்டும், சத்தம் போட்டவர் தோற்றார் என்றாள்.

பிள்ளைகளுக்கு அப்படி நடக்க வரவில்லை. இடித்துக்கொண்டார்கள், கிளுகிளுவென்று சிரித்தார்கள். பெரிய குட்டியும் சின்னக் குட்டியும் முன்னால் வந்தார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோரமாக, முன்னங்காலை மட்டும் ஊன்றி, குதிகால் தரையில் படாமல் நடந்து காட்டினார்கள். ஒரு சத்தம் இல்லை. மற்ற பிள்ளைகள் அவர்களைப் பார்த்துப் பார்த்து அப்படியே வந்தார்கள். பிறந்தநாள் உடுப்புப் போட்ட அந்த இரண்டும் அவ்வளவு பழக்கமாக அப்படி நடந்ததைப் பார்த்தபோது டேப்பக்காவுக்கு என்னவோ செய்தது. என்ன என்று யோசிக்க நேரமில்லை. கடைசிப் பிள்ளை இறங்கும் வரைக்கும் மேலே நின்று, பிறகு இறங்கினாள். இறங்கும்போது அவள் வீட்டுக்குள்ளிருந்து கறக்கென்று ஒரு சத்தம் வந்தது. படியில் தடுக்கி முழங்கால் சிராய்ந்தது. எழுந்து ஓடினாள்.

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். ஒரு இன்ஜினியரும் வந்தார். இரும்பு முட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். தெருவிலிருந்து பார்த்தால் திறந்த ஜன்னல் வழியாகக் கூடம் முழுக்கத் தெரிந்தது. வெண்ணெய் நிறச் சுவர், ஊதிக்கொண்டு நிற்கிற வெள்ளைத் திரை, நடுவே துருப்பிடித்த இரும்புக் கால்கள் வரிசையாக எழும்பி நின்றன. இன்ஜினியர் வெளியே வந்து, தளம் நடுவில் தொய்ந்து உட்கார்ந்துவிட்டது என்றார். இன்னும் கொஞ்ச நேரம் ஆடியிருந்தால் என்று ஆரம்பித்தவர், சுற்றி நிற்கிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். யார் உடைக்கச் சொன்னது என்று கேட்டார். அளவு சொன்னது நான் என்றாள் டேப்பக்கா. அதற்குள் யார் சொல்லியோ தம்பி ஓடிவந்து கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தான். ஓடிப்போயிருக்கலாம். முன்னால் வந்து, தெரிஞ்சே உடைச்சது நான் சார் என்றான். அவன் கையைப் பிடித்துக்கொள்ள அவளுக்குத் தோன்றியது. பிடித்துக்கொள்ளவில்லை.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வந்த பெற்றோர்கள் அவளைத் திட்டினார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்கள். டிரைவர் தெரு முனையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் அவள் வாங்கிக்கொண்டாள். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்க வேண்டியதுதான்.

டீச்சர் மட்டும் திட்டவில்லை. வெகுநேரம் கழித்துக் கிட்டே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"எங்க வீட்டு ரூம் கதவு சாத்த வராம போச்சு. சுவர்ல கீறல் வந்துச்சு. நீங்க வந்து சொல்லிட்டுப் போனீங்களே, இவளுங்க குதிச்சுத்தான் இப்படி ஆச்சுன்னு நினைச்சேன். ரெண்டு பேரையும் அடிச்சுட்டேன் அக்கா. தினமும் அடிச்சேன்."

இவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பெற்றோர்கள் திட்டியதெல்லாம் தோலோடு நின்றது, இது உள்ளே போயிற்று. கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்த அந்த இரண்டு பேர் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். அவளாவது சீலிங்கைப் பார்த்துப் பயந்தாள். அவர்கள் தங்கள் சொந்தக் காலைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். நடந்தால் வீடு விழுந்துவிடும் என்று.

யாரோ புடவையை இழுத்தார்கள். சின்னக் குட்டி. கையில் இன்னும் செருப்பு இருந்தது. ரோட்டிலும் முன்னங்காலில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, அப்ப வீட்ட நாங்க உடைக்கலையா?"

டேப்பக்கா சிராய்ந்த முழங்காலோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். குழந்தையின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"இல்ல கண்ணு. நான் உடைச்சேன். நீங்க ஒண்ணுமே பண்ணல."

குழந்தை அவளை நம்பலாமா என்று கொஞ்சநேரம் பார்த்தது. பிறகு பெரிய குட்டியிடம் ஓடிப் போய்க் காதில் சொன்னது. இரண்டும் செருப்பைக் கீழே போட்டன. பெரிய குட்டி குதிகாலை மெல்லத் தரையில் வைத்தாள். தரையைக் குனிந்து பார்த்தாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தார் ரோட்டில் ஒரே ஒருதரம் குதித்தாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொருதரம் குதித்தாள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து குதித்தார்கள், குதித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒவ்வொரு தொம்முக்கும் டேப்பக்காவின் உடம்பு தூக்கிப் போட்டது. போதும் என்று அவள் சொல்லவில்லை. கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் களைத்து நிற்கும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.